33 அங்குலமும் 3 வினாடியும்

அமெரிக்காவின் 65-ஆம் எண் நெடுஞ்சாலை, மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய மொபீல் நகரில் தொடங்குகிறது. மான்ட்கோமரி, பர்மிங்ஹாம், நாஷ்வில், லூயிவில் என்று வடக்கே ஏறி, இண்டியானாபொலிஸைத் தொட்டு, மிச்சிகன் ஏரிப் பக்கம் போய் முடிகிறது. சரக்கு லாரிக்காரர்களுக்கு அது வெறும் சாலை. அமெரிக்க ஃபுட்பாலில் ஆள் தேர்ந்தெடுப்பதைத் தொழிலாகக் கொண்ட ஸ்கவுட்டுகளுக்கோ அதுதான் குளிர்காலக் கால அட்டவணை. ஜனவரி இறுதியில் மொபீலில் கூடுவார்கள். பிப்ரவரி முடியும்போது இண்டியானாபொலிஸில் இருப்பார்கள். மார்ச் முழுக்கக் கல்லூரி கல்லூரியாக அலைவார்கள். இந்த அலைச்சலின் விடை ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் மேடையில் தெரியும். கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் இளைஞர்களை என்.எஃப்.எல். அமைப்பின் 32 அணிகளும் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் மூன்று நாள் நிகழ்ச்சி அது. 2025-இல் அந்த மேடை விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் போடப்பட்டது. மொபீலில் தொடங்கி கிரீன் பே வரை இதே வரிசையில் ஊர்களைப் பார்த்துக்கொண்டு போவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆஃபென்சிவ் லைன் எனப்படும் ஐந்து தடுப்பாளர்களில் யார் தேறுவார் என்று கணிக்க, இந்த ஊர்களில் எதன் சாட்சியத்தை நம்புவது என்ற கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஃபுட்பாலை டிவியில் எப்போதாவது பார்த்தவர்களுக்குக்கூட இந்த ஐவரைத் தெரிந்திருக்காது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைத் தெரியும். ஓடிப் பிடிப்பவரைத் தெரியும். நடுவில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் தருபவர் சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், ஓரங்களில் இரண்டு டேக்கிள்கள். எறிந்த பந்தைப் பிடிக்கச் சாதாரணமாக இவர்களுக்கு விதியே இடம் தராது. 140 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு, பின்வாங்கியபடியே, தம்மைவிட வேகமான ஒருவரைத் தடுத்து நிறுத்துவதுதான் வேலை. அப்படிச் சமாளிக்க வேண்டிய நேரம் இரண்டரை வினாடி, மிஞ்சினால் மூன்று. ஓர் ஆட்டத்தில் முப்பது நாற்பது முறை இது நடக்கும். ஒரே ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1985 நவம்பரில் நாடே பார்த்த ஒரு காட்சி உண்டு. நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து விழுந்ததில் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்தது. அதன்பின் அவர் ஆடவே இல்லை. வலக்கைக்காரர் எறியத் திரும்பும்போது அவருக்கு முதுகுப்புறமாக அமையும் இடது ஓரத்தின் விலை அதற்கடுத்த ஆண்டுகளில் ஏறிக்கொண்டே போனது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இந்த வேலையில் சொந்த முயற்சி என்று ஏதும் கிடையாது. எதிரே நிற்பவர் செய்வதற்குக் கொடுக்கும் பதில்தான் எல்லாம். ஆகவே எதிராளி இல்லாத இடத்தில் எடுத்த எந்த அளவும் லைன்மேனைப் பற்றிப் பாதிக் கதையைத்தான் சொல்லும் என்பது என் வாதம்.

மொபீலில் ஜனவரியிலும் குளிர் உறைப்பதில்லை. தெருவோர ஓக் மரங்களின் கிளைகள் சாலைக்குக் கூரை வேய்ந்திருக்கும். மார்டி கிரா திருவிழாவை அமெரிக்காவில் முதலில் கொண்டாடிய ஊர் நாங்கள்தான் என்று உள்ளூர்க்காரர்கள் நியூ ஆர்லியன்ஸ் பேச்சை எடுத்தாலே சொல்லிக்காட்டுவார்கள். கல்லூரி இறுதியாண்டு ஆட்டக்காரர்களுக்கான சீனியர் பவுல் 1951 முதல் இந்த ஊரில்தான் நடக்கிறது. பல காலம் லாட்-பீபிள்ஸ் மைதானத்தில் நடந்தது, 2021-இலிருந்து சவுத் அலபாமா பல்கலைக்கழக மைதானத்துக்கு மாறிவிட்டது. சனிக்கிழமை நடக்கும் ஆட்டத்தை ஊர் பார்க்கும். ஸ்கவுட்டுகளில் பலர் அதற்குள் ஊரைவிட்டே கிளம்பிவிடுவார்கள். அவர்கள் வருவது அதற்கு முந்தைய நாட்களின் பயிற்சிக்கு. அதிலும் ‘ஒன் ஆன் ஒன்’ என்னும் ஒற்றைக்கு ஒற்றை மோதலின்போது மைதானத்தின் மூலையில் கூட்டம் நெருக்கியடிக்கும். ஒரு தடுப்பாளர், ஒரு தாக்குபவர், ஒரு விசில். ஹோபார்ட் என்ற சிறிய கல்லூரியில் மூன்றாம் நிலைப் போட்டிகள் ஆடிக்கொண்டிருந்த அலி மார்பெட் 2015-இல் இங்கே பெரிய கல்லூரிக்காரர்களை நிறுத்திக் காட்டினார். டாம்பா பே அவரை 61-ஆம் ஆளாக எடுத்தது. மூன்றாம் நிலைக் கல்லூரியிலிருந்து அவ்வளவு முன்னால் அதற்கு முன் யாரும் போனதில்லை. 2021-இல் க்வின் மைனர்ஸ் வந்தார். விஸ்கான்சின்-வைட்வாட்டர் கல்லூரிக்கு முந்தைய ஆண்டுப் போட்டிகளே கொரோனாவால் இல்லாமல் போயிருந்தன. அவரைப் பற்றிப் புதிதாகப் பார்க்க இருந்தது மொபீலின் சில நாட்கள் மட்டும்தான். டென்வர் 98-ஆவதாக எடுத்தது. 2024-இல், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவில் முதல் தரம் பெற்றார்.

ஒற்றைக்கு ஒற்றை மோதலை ஏற்காத பயிற்சியாளர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உண்மையான ஆட்டத்தில் கார்டுக்குப் பக்கத்தில் சென்டர் இருப்பார். எதிராளிக்குப் பந்து ஓடப்போகிறதா பறக்கப்போகிறதா என்ற ஐயமும் இருக்கும். இங்கே இரண்டும் கிடையாது. இடம் முழுக்கத் தாக்குபவருக்குச் சாதகம். தோற்பது சகஜம் என்று தெரிந்தே தடுப்பாளர் நிற்கிறார். ஆனால் அந்தக் குறையே அதன் பயன் என்று நான் நினைக்கிறேன். முதல் மோதலில் யார் வென்றார் என்று குறித்துக்கொள்பவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். முதல் முறை இடுப்புக்கு வெளியே சுற்றிப் போன அதே தாக்குபவர் இரண்டாம் முறை வரும்போது, கால் வைப்பு மாறியதா? கை முந்தியதா பிந்தியதா? சமநிலை குலைந்த அரை வினாடியில் உடம்பைத் தாழ்த்தி மீண்டும் ஊன்றிக்கொண்டாரா, அல்லது சட்டையைப் பற்றி இழுத்தாரா? தோற்கத் தொடங்கிய பிறகு ஒருவர் என்ன செய்கிறார் என்பதைச் செயற்கையாக அடுக்கடுக்காகக் காட்டும் இடம் இது ஒன்றுதான். 2014-இல் நோட்ர டேமின் ஸாக் மார்ட்டின் இங்கே ஆடியபோது எதிரே வந்தவர்களில் ஒருவர் ஆரன் டானல்ட். அந்த டானல்ட் பிற்காலத்தில் என்.எஃப்.எல். தடுமாறிப்போகும் அளவுக்கு வளர்ந்தார். அவரிடம் தாக்குப்பிடித்த மார்ட்டினைப் பற்றியும் அந்த வாரம் முழுக்கப் பேச்சாக இருந்தது.

மொபீலிலிருந்து வடக்கே இண்டியானாபொலிஸுக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். டென்னசி தாண்டும்போதே மரங்கள் மொட்டையாகிவிடும். இந்த நகரத்தில் 1987 முதல் நடக்கும் ‘கம்பைன்’ என்னும் அளவெடுப்பு முகாம், குளிருக்குப் பயப்படாமல் நடக்க ஒரு காரணம் ஊரின் அமைப்பு: ஹோட்டல், மாநாட்டு மண்டபம், மைதானம் எல்லாவற்றையும் மூடிய நடைவழிகள் இணைக்கின்றன. மேல்கோட்டு இல்லாமலே ஒரு வாரத்தைக் கழித்துவிடலாம். மாலையில் 1902 முதல் நடக்கும் செயின்ட் எல்மோ உணவகத்தில் பயிற்சியாளர்கள் கூட்டம். அங்கே இறாலுடன் தரும் காரமான சாஸ் மூக்கில் ஏறுவதில் நம்மூர் மோர்மிளகாய் தோற்றுவிடும். செங்கல் நிற லூகாஸ் ஆயில் மைதானத்துக்குள் 300-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் 40 கஜம் ஓடுகிறார்கள், நின்ற இடத்திலிருந்து குதிக்கிறார்கள், 225 பவுண்டு எடையைப் படுத்தபடி எத்தனை முறை தூக்க முடியும் என்று காட்டுகிறார்கள். உயரம், எடை, உள்ளங்கை அகலம், கை நீளம் எல்லாம் எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரை குறிக்கப்படுகின்றன. இந்த முகாம் உருவானதே முக்கியமாக மருத்துவச் சோதனையை ஒரே இடத்தில் முடிப்பதற்குத்தான். வேறெங்கும் கிடைக்காத தகவல் இண்டியானாபொலிஸில் இருக்கிறது என்றால் அது டாக்டர்கள் எழுதும் தாள்தான். ஒஹாயோ ஸ்டேட்டின் ஜோஷ் சிம்மன்ஸ் 2024 அக்டோபரில் முழங்கால் தசைநாண் கிழிந்தவர். அவரை 2025-இல் முதல் சுற்றின் கடைசி இடமான 32-இல் கான்சஸ் சிட்டி எடுத்தது. அப்படிப்பட்ட முடிவை ஆட்டப் படத்தைப் பார்த்து எடுக்க முடியாது. 40 கஜ ஓட்டம் அப்படியா? ஒரு லைன்மேன் தன் ஆட்ட வாழ்க்கையில் நேர்கோட்டில் 40 கஜம் ஓடும் தருணங்களை விரல்விட்டு எண்ணலாம். முதல் 10 கஜ நேரம் ஓரளவு பயன்படும், ஏனெனில் அது வெடித்துக் கிளம்பும் சக்தியைக் காட்டும். எடை தூக்குவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீளமான கை வேண்டும் என்று தேடுகிறார்கள். கை நீளமானவர் கம்பியை அதிக தூரம் தள்ள வேண்டியிருப்பதால் அவர் எண்ணிக்கை குறைகிறது.

கை நீளம்தான் டேக்கிள்களைப் பற்றிய பெரிய வழக்கு. 33 அங்குலத்துக்குக் குறைந்தால் ஓரத்தில் நிற்க லாயக்கில்லை, உள்ளே கார்டாகப் போகட்டும் என்பது பல அணிகளின் எழுதாத சட்டம். இதில் தர்க்கம் இல்லாமல் இல்லை. நீண்ட கை உள்ளவர் முதலில் தொடுகிறார். முதலில் தொட்டவர் தூரத்தைத் தீர்மானிக்கிறார். ஆனால் ஜோ தாமஸின் கை 32½ அங்குலம். 2007-இல் மூன்றாம் ஆளாக கிளீவ்லாந்துக்குப் போனார். தொடர்ச்சியாக 10,363 முறை பந்து ஆட்டத்துக்கு வந்தபோது ஒரு முறைகூட விடாமல் இடது ஓரத்தில் நின்றார். 2023-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். நார்த்வெஸ்டர்னின் ரஷான் ஸ்லேட்டருக்குச் சரியாக எல்லைக்கோட்டில், 33. கார்டாகத்தான் முடிவார் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவரிடம் வேறொரு சான்று இருந்தது. 2019-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் சேஸ் யங்கைத் தடுத்த விதம். அந்த யங்தான் அடுத்த ஆண்டு டிராஃப்டில் இரண்டாவதாகப் போனவர். சார்ஜர்ஸ் 2021-இல் ஸ்லேட்டரை 13-ஆவதாக எடுத்து இடது ஓரத்திலேயே நிறுத்தியது. முதல் ஆண்டே ப்ரோ பவுல் என்னும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு, இரண்டாம் தர ஆல்-ப்ரோ. இதற்கு எதிர்ச்சான்றாகச் சிலர் அதே கல்லூரியின் பீட்டர் ஸ்கரான்ஸ்கியைக் காட்டுவார்கள். கை 32¼, 2023-இல் 11-ஆவதாக எடுத்த டென்னசி அவரை கார்டாக மாற்றிவிட்டது. இது கை நீளக் கோட்பாட்டுக்குச் சான்றே அல்ல. கை குட்டையானவரை ஓரத்தில் நிறுத்தவே மாட்டோம் என்று முடிவெடுத்துவிட்டு, ஓரத்தில் வென்றவர்கள் எல்லாம் நீண்ட கைக்காரர்கள் என்று கணக்குக் காட்டுவது தன் வாலைத் தானே பிடிப்பது. 2025-இல் எல்.எஸ்.யூ.வின் வில் கேம்பலுக்கு இண்டியானாபொலிஸில் 32⅝ என்றும், கல்லூரியிலேயே நடக்கும் அளவெடுப்பான ப்ரோ டேயில் 33 என்றும் அளவு வந்தது. ஒரே மாதத்தில் மனிதனின் கை வளராது. வளைந்து கொடுத்தது அளவுகோல்தான். நியூ இங்கிலாந்து நான்காவதாக எடுத்தது.

இந்த இடத்தில் அளவுப் பட்டாளத்தின் பலமான பதில் ஒன்று காத்திருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2013-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் 11 இடங்களில் ஆறு பேர் லைன்மேன்கள்: எரிக் ஃபிஷர், லூக் ஜோக்கல், லேன் ஜான்சன், ஜொனதன் கூப்பர், சான்ஸ் வார்மாக், டி.ஜே. ஃப்ளூக்கர். இவர்களில் நிலைத்துப் பெரிய பெயர் எடுத்தவர் லேன் ஜான்சன், இண்டியானாபொலிஸில் 4.72 வினாடியில் ஓடியவர். ஃபிஷர் நல்ல ஆட்டக்காரர். ஜோக்கல் இரண்டாம் இடத்துக்கு ஈடு கட்டவே இல்லை. இரண்டு கார்டுகளும் அப்படித்தான். 75-ஆம் இடம் வரை காத்திருந்த டெரன் ஆர்ம்ஸ்டெட் 4.71-இல் ஓடினார்; கம்பைனில் அதுவரை லைன்மேன்களில் அதைவிட வேகமாக யாரும் ஓடியதாகப் பதிவில்லை. அவரும் பல முறை ப்ரோ பவுலுக்குப் போனார். அப்படியானால் அளவு சரியாகத்தானே சொன்னது? ஜான்சன், ஆர்ம்ஸ்டெட் இருவர் விஷயத்திலும் சரியாகச் சொன்னது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆண்டில் 40 கஜத்துக்கு 5.5 வினாடிக்கும் மேல் எடுத்துக்கொண்ட டிராவிஸ் ஃப்ரெட்ரிக்கை டல்லஸ் 31-ஆவதாக எடுத்தபோது சிரித்தவர்கள் உண்டு. அவர் சென்டர்களில் முதல் தரம் ஆனார். கொலராடோவின் டேவிட் பக்தியாரி 109-ஆவதாகப் போய் ஐந்து முறை ஆல்-ப்ரோ பட்டியலில் வந்தார். 2018-இல் ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 5.85-இல் ஓடி, எடையை 14 முறைதான் தூக்கி, கேலிக்கு ஆளாகி 83-ஆம் இடத்துக்குச் சரிந்தார். நான்கு ப்ரோ பவுல்கள் பின்னால் வந்தன. அசாதாரணமான அளவு ‘இவரைத் தேடிப்போய்ப் பார்’ என்று சொல்லும். அதற்கு மேல் அதனிடம் கேட்பது வீண். மட்டமான அளவோ, படத்தில் ஓட்டை தெரியாதவரை, ஒன்றுமே சொல்வதில்லை.

மேற்கே 74-ஆம் எண் சாலையில் இல்லினாயைக் கடக்கும் நேரமெல்லாம் மார்ச்சின் வெற்று மக்காச்சோள வயல். மிசிசிப்பியைத் தாண்டி 80-ஆம் சாலையில் சிறிது தூரம் போனால் அயோவா சிட்டி. கின்னிக் மைதானத்தில் எதிரணி உடைமாற்றும் அறைக்கு ரோஸ் வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்பது வந்தவர்களிடம் முதலில் சொல்லப்படும் செய்தி. இந்த ஊருக்கு வரக் காரணம் அதுவல்ல. 1999 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் கிர்க் ஃபெரன்ட்ஸ் தாமே லைன் பயிற்சியாளராக வளர்ந்தவர். இதே அயோவாவில் 1980-களிலும், பின் கிளீவ்லாந்திலும் பால்டிமோரிலும் அந்த வேலைதான் பார்த்தார். மார்ஷல் யாண்டா, பிரையன் புலாகா, பிராண்டன் ஷெர்ஃப், டைலர் லிண்டர்பாம் என்று அவர் கையிலிருந்து போனவர்களின் வரிசை நீளம். அவர்களில் உச்சம் டிரிஸ்டன் வர்ஃப்ஸ். பக்கத்து மவுன்ட் வெர்னன் ஊர்க்காரர், பள்ளிக்காலத்தில் மாநில மல்யுத்தச் சாம்பியன். 2020-இல் டேக்கிள்கள் நால்வர் முன்னிலையில் இருந்தார்கள்: ஆண்ட்ரூ தாமஸ் 4, ஜெட்ரிக் வில்ஸ் 10, மெகாய் பெக்டன் 11, வர்ஃப்ஸ் 13. கடைசியாகப் போனவர்தான் முதலில் நிற்கிறார். வலது ஓரத்திலும் இடது ஓரத்திலும் முதல் தர ஆல்-ப்ரோ ஆனார். குதிப்பிலும் ஓட்டத்திலும் நால்வரில் அபாரமான அளவு காட்டியவரும் அவரே. இது என் வாதத்துக்கு எதிரான சான்றுதான்.

ஆனால் அந்த அளவுகளை 2014-இல் க்ரெக் ராபின்சனும் வைத்திருந்தார். 332 பவுண்டு எடையில் 4.92 வினாடி, 35 அங்குலக் கை. செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அவரை இரண்டாவதாக எடுத்து மூன்றே பருவங்களில் கைவிட்டது. வர்ஃப்ஸையும் ராபின்சனையும் அளவு நாடா பிரித்துக் காட்டவில்லை. ஆட்டப் படம் பிரித்துக் காட்டியிருக்கும். ராபின்சன் ஆடிய ஆபர்ன் அணி அதற்கு முந்தைய பருவத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியே ஏறத்தாழ எல்லோரையும் தோற்கடித்தது. அவர் முன்னால் பாய்ந்து இடிக்கும் காட்சிகள் ஏராளம், பின்வாங்கித் தடுக்கும் காட்சிகள் கொஞ்சம். எந்த வேலைக்கு எடுக்கிறார்களோ அந்த வேலையைச் செய்தபோது எடுத்த படமே அநேகமாகக் கையில் இல்லை. இல்லாத சான்றின் இடத்தில் அளவைப் போட்டு நிரப்பினார்கள். அதே டிராஃப்டில் 13-ஆவதாக ஆரன் டானல்டை எடுத்ததும் ராம்ஸ்தான். மொபீலில் டானல்டை எதிர்கொண்ட மார்ட்டின் 32⅞ அங்குலக் கையோடு 16-ஆவதாக டல்லஸுக்குப் போய், கார்டாக நின்று ஏழு முறை முதல் தர ஆல்-ப்ரோ ஆனார். அயோவா என்ற முத்திரையும் உத்தரவாதம் தராது என்பதைச் சொல்லிவிட வேண்டும்: 2004-இல் இரண்டாவதாகப் போன ராபர்ட் கேலரி ஓக்லாந்தின் இடது ஓரத்தில் சோபிக்கவில்லை, கார்டாக மாறிய பிறகே தேறினார்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. இன்றைய கல்லூரி ஆட்டத்தில் பல சமயம் பந்து ஒன்றரை வினாடியில் கையைவிட்டுப் போய்விடுகிறது. பார்க்க வேண்டிய மூன்றாம் வினாடி படத்திலேயே இல்லை. போதாக்குறைக்கு 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, என்.எஃப்.எல். அணிகள் பருவம் முழுக்கவும் கவசம் அணிந்து நடத்தும் பயிற்சிகள் 14-க்கு மேல் கூடாது. கல்லூரியில் கற்காததை இங்கே கற்றுத்தரவும் நேரம் குறைவு. அப்படியிருக்க ‘படத்தைப் பார்’ என்பது யாருக்கு உதவும்? என் பதில்: படத்தின் அளவு குறைந்துவிட்டது, மதிப்பு கூடிவிட்டது. ஒரு பருவத்தில் நீண்ட பின்வாங்கல் 40 தடவைதான் வந்தது என்றால் அந்த 40-ஐத் தேடியெடுத்துப் பத்து முறை பார்க்க வேண்டும். மற்ற 700-ஐப் பார்த்துவிட்டுப் பாராட்டு எழுதக் கூடாது. இன்னொன்று, எடுத்த பிறகு யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதும் மதிப்பீட்டின் பாதி. பிலடெல்பியா இந்தப் பாதையில் இல்லை, இருந்தாலும் அதை விட்டுவிட முடியாது. அங்கே ஜெஃப் ஸ்டவுட்லாந்து 2013-இல் லைன் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 2018-இல் 233-ஆவதாக எடுக்கப்பட்ட ஜோர்டான் மைலாட்டா ஆஸ்திரேலிய ரக்பிக்காரர். அமெரிக்க ஃபுட்பால் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. மறு ஆண்டு முதல் சுற்றில் 22-ஆவதாக ஆண்ட்ரே டில்லர்ட் வந்தார். பந்து சட்டென்று பறந்துவிடும் வாஷிங்டன் ஸ்டேட் பாணியில் வளர்ந்தவர். இருவருக்கும் ஒரே ஆசான், ஒரே மைதானம். 2021-இல் இடது ஓரம் மைலாட்டாவுக்குத்தான் கிடைத்தது. ஆகவே ஆசான் இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. இடித்துத் தள்ளினால் அடுத்த முறை வேறு விதமாக ஊன்றி நிற்பவருக்குத்தான் ஆசான் உதவுகிறார்.

லைன் என்பது ஐந்து தனி மனிதர்கள் அல்ல என்பதை அளவெடுப்பவர்கள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். கபடியில் சங்கிலி போட்டுப் பிடிக்கும்போது ஒருவரின் பிடி எவ்வளவு உறுதி என்பது பக்கத்தில் கைகோத்தவர் எப்போது நகர்ந்தார் என்பதைப் பொறுத்தது. இங்கேயும் அதே கதை. எதிரணியின் இரண்டு பேர் குறுக்கே இடம் மாறி நுழையும்போது, கார்டும் டேக்கிளும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஆளைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். 2011-இல் பிலடெல்பியாவுக்கு 191-ஆவதாகப் போன ஜேசன் கெல்சி சென்டருக்கு மிகச் சிறிய உடம்புக்காரர். எதிரணி எங்கிருந்து வரும் என்று படித்து மற்ற நால்வருக்கும் சொல்வதில் அவருக்கு ஈடு இல்லை. ஆறு முறை முதல் தர ஆல்-ப்ரோ. காயங்களால் நியூயார்க்கில் வீணான பெக்டன் பிலடெல்பியாவில் கார்டாக மாறி சூப்பர் பவுல் வென்றார். இதற்கெல்லாம் அளவுகோல் எங்கே இருக்கிறது? எழுத்துத் தேர்வு ஒன்று இருந்தது, 50 கேள்வி கொண்ட வொண்டர்லிக்; 2022-இல் கம்பைனிலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். நல்லதுதான்.

அயோவா சிட்டியிலிருந்து கிளம்பி, டூபூக்கில் மீண்டும் மிசிசிப்பியைக் கடந்து 151-ஆம் சாலையில் மேடிசன் வழியாக வடகிழக்கே போகலாம். ஜோ தாமஸும் ஃப்ரெட்ரிக்கும் கல்லூரியில் ஆடிய ஊர் மேடிசன். டிராஃப்ட் அன்று நியூயார்க் மேடைக்கு வராமல் தாமஸ் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தார் என்பது இந்தப் பக்கம் இன்றும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. கிரீன் பே அங்கிருந்து அரை நாள்கூட ஆகாது. லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழும் காகித ஆலை நகரம். அணி பொதுமக்களின் பங்குகளால் நடக்கிறது, முதலாளி என்று ஒருவர் இல்லை. லாம்போ மைதானத்தின் பழைய பெருமையே லைன்மேன்களின் மீது எழுந்தது. வின்ஸ் லம்பார்டியின் அணி 1967 டிசம்பர் 31 அன்று கடும் குளிரில் டல்லஸை வென்றபோது, கடைசி நொடிகளில் பார்ட் ஸ்டார் எல்லைக்கோட்டுக்குள் நுழைந்தது கார்டு ஜெர்ரி கிரேமர் திறந்த இடைவெளியில். அந்தக் கிரேமர் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டவர்.

அளவை நம்பியதற்கு இந்த ஊர் கொடுத்த விலைதான் எல்லாவற்றிலும் பெரிது. 1989-இல் மிச்சிகன் ஸ்டேட்டின் டோனி மாண்டரிச்சை கிரீன் பே இரண்டாவதாக எடுத்தது. அவருக்கு முன்னால் போனவர் டிராய் எய்க்மன்; பின்னால் வரிசையாக பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். முதல் ஐந்து இடங்களில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போகாதவர் மாண்டரிச் ஒருவர்தான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. கல்லூரிக்காலத்தில் ஸ்டீராய்டு எடுத்ததை 2008-இல் அவரே ஒப்புக்கொண்டார். எதிராளி இல்லாமல் எடுக்கும் அளவில் மருந்தும் சேர்ந்தே அளக்கப்படுகிறது. போதையிலிருந்து மீண்டு பின்னாளில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸில் ஒழுங்காக ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அதற்குப் பிந்தைய கிரீன் பே வேறு வழிக்குப் போனது. ஜோஷ் சிட்டன் 135, கோரி லின்ஸ்லி 161, ஸாக் டாம் 140, இவர்களோடு 109-ஆம் இடத்து பக்தியாரி. பெரும்பாலும் கல்லூரியில் டேக்கிளாக இருந்தவர்களை நடுச் சுற்றுகளில் எடுத்து, ஐந்து இடங்களிலும் நிறுத்திப் பார்த்து, நிற்கிற இடத்தில் நிற்க வைக்கும் பழக்கம் அது. 109, 191, 233 என்ற எண்களைப் பார்த்துவிட்டு எல்லாமே குலுக்கல் சீட்டு என்பவர்களுக்கு இந்தப் பட்டியலே பதில். குலுக்கலில் ஒரே கடைக்காரருக்கு இத்தனை முறை பரிசு விழாது.

அடுத்த டிராஃப்டில் ஒரு லைன்மேனின் பெயர் அறிவிக்கப்பட்டதும் திரையில் உயரம், எடை, கை, ஓட்டம் என்று எண்கள் வரும். அவற்றை விட்டுவிடுங்கள். அவர் கல்லூரியில் சந்தித்ததிலேயே சிறந்த தாக்குபவர் யார் என்று விசாரித்து, அந்த ஓர் ஆட்டத்தை முழுக்கப் பாருங்கள். பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள்; முதல் தடவை தோற்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே தாக்குதல் மறுபடி வரும்போது காலை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கள்.